ராகுவுக்கு வாய் ஏது?

சேலம், நாமக்கல் பக்கத்துத் தோழர்களே!

2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணத்தன்று, தமிழ்நாட்டில் பல ஊர்களில் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி, 'கிரகண சக்தி' என்றார்கள். அடி சமமாயுள்ள உலக்கை எந்தச் செவ்வாய்க்கிழமையும் நிற்கும், நிறுத்திப் பாருங்கள்!

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வந்து மறைப்பதே சூரிய கிரகணம். அப்படியானால் அமாவாசைதோறும் ஏன் இல்லை? சந்திரன் பாதை, சூரியன் செல்வதாய்த் தோன்றும் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கே பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்று பெயர். அப்புள்ளிக்கருகில் அமாவாசை நேர்ந்தால்தான் கிரகணம். புள்ளிக்கு வாய் ஏது, விஷம் ஏது? இதற்குப் பயந்தா நம் வீட்டுக் கர்ப்பிணியைப் பட்டினி போட்டு அறைக்குள் அடைப்பது?

வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக்கூடாதென்பது மாத்திரம் மெய். அது என்றைக்குமே ஆகாது.

2031 மே 21-ந் தேதி நம் பக்கமும் கிரகணம் தெரியும். அன்று அப்பெண்ணுக்கு வயிறாரச் சோறு போட்டு, கிரகணக் கண்ணாடியைக் கையில் கொடுத்து வாசலுக்கு அழைத்து வாருங்கள்.