பத்து பகாட்டிலிருந்து பத்து பகாட்டுக்கு



நான் ஜொகூர், பத்து பகாட்டிலிருந்து வருகிறேன். 'பத்து' என்றால் கல். 'பகாட்' என்றால் உளி. இதே பெயரில் கெடாவில் ஒரு குன்று இருக்கிறது, அதில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் கோயில் இருக்கிறது என்று நான் கேள்விப்பட்டபோது எனக்கு நாற்பது வயது!

பள்ளி விடுமுறையில் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். குனோங் ஜெராய் மலைச்சரிவு. பக்கத்தில் ஓடை சலசலக்கிறது. கருங்கல் அடித்தளம், முன்னே மண்டபம், கூரை இல்லை. 1936, 37இல் குவாரிச் வேல்ஸ் தோண்டிப் பார்த்தார். 1959, 60இல் அலஸ்டர் லாம்ப் கல்லோடு கல் சேர்த்து நிறுத்தினார். சிவன் கோயிலாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. "இங்கே ஏன்பா பூசை இல்லை?" என்று மகன் கேட்டான். என்ன சொல்வேன்?

அந்த வட்டாரத்தில் ராஜா பெர்சியோங் என்ற கோரைப்பல் ராஜாவின் கதையைச் சொல்வார்கள். கீரை நறுக்கும்போது சமையற்காரியின் விரல் அறுபட்டு, ரத்தம் குழம்பில் விழுந்தது. ராஜாவுக்கு அந்த ருசி பிடித்துப்போயிற்று. அதன்பின் மனித ரத்தமே கேட்டான். கோரைப்பல் முளைத்தது. மக்கள் பொங்கி எழுந்து விரட்டினார்கள். ஓடும்போது அவன் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் என்பார்கள். மலாயில் 'பாலிங்' என்றால் எறிவது.

நடுவர் அவர்களே, கதையில் வரும் மக்கள் விழித்துக்கொண்டார்கள். நாம்? மரபுடைமைச் சட்டம் 2005இல் வந்தது. ஆனாலும் அதே பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்துவில் இருந்த 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது 2013இல் தெரியவந்தது. அது அரசு பதிவேட்டில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஏறவில்லை. இடிந்த பிறகுதான் நாடே பேசியது. ஆயிரம் ஆண்டு மழைக்குத் தாங்கியது, ஒரு மண்வாரி இயந்திரத்துக்குத் தாங்கவில்லை!

பத்துமலைக்கு வருடந்தோறும் போகிறோம், போக வேண்டியதுதான். ஒரே ஒரு விடுமுறைக்குப் பிள்ளைகளை மெர்போக்குக்கும் அழைத்துப் போங்கள். அந்தக் கற்கள் இந்த நாட்டு மக்கள் எல்லாருக்கும் சொந்தம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் இயந்திரம் துணிந்து நுழையும்.

என் மகனின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்: பூசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, பார்க்க ஆள் இருக்கட்டும்.