மேகத்தில் ஒரு நிலையம்



ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ஆண்டுதோறும் பாஸ் வாங்கிச் சொந்த ஊருக்கே சென்று வந்தேன். அன்னையார் மறைந்தபின் அங்கு எம் வரவை எதிர்நோக்குவார் எவருமிலர். எனவே, சென்ற ஆண்டு குடும்பத்துடன் டார்ஜிலிங் சென்றேன்.

1881-இல் முற்றுப்பெற்ற அவ்விருப்புப்பாதையின் அகலம் இரண்டே அடி! 1999-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 7,407 அடி உயரத்தில், மேகங்களுக்கிடையே கூம் நிலையம் விளங்குகிறது.

அதற்கப்பால் பதாசியா வளைவில் வண்டி வட்டமிட்டு இறங்குகிறது. நடுவே, போரில் மாண்ட கூர்க்கா வீரர்களின் நினைவுச் சின்னம். வீடு திரும்பாத மைந்தரை அம்மலை மறக்கவில்லை. நானோ, அன்னையார் வாழ்ந்த ஊரையே மறக்கத் துணிந்தேன்! கண்கள் கலங்கின.

"அடுத்த பாஸ் ஊருக்குத்தான், பூட்டிய வீடானாலும் வாசலில் விளக்கேற்றி வருவோம்" என்றாள் என் மனைவி.

இப்பொங்கலுக்கு அவ்வாறே செய்தோம்.