பழைய ஸ்போர்ட்ஸ் காரும் ஆர்.சி. புத்தகமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பி பிளாக் பேஸ்மென்ட்டில் உறை போட்டு நிற்கும் சிவப்பு வண்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது சான் ஸ்டார்ம். பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனம் தொண்ணூறுகளின் இறுதியில் கொண்டுவந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் பாடி, 1,149 சிசி ரெனோ பெட்ரோல் என்ஜின். இன்று அபூர்வமான வண்டி. அதை வாங்கியிருக்கும் தம்பி, இன்னும் என்னென்ன மாற்றலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அந்த வண்டியின் சத்தத்தைப் பற்றி சங்கத்துக்கு மூன்று புகார்கள் வந்திருக்கின்றன. "சார், நீங்கள் பேங்கில் வாகனக் கடன் சீட்டில் இருந்தவர். எது செல்லும், எது செல்லாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள்" என்றார் செயலாளர். தம்பியின் சம்மதத்தோடுதான் பேசுகிறேன். அவரும் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய காரின் மேல் ஆசைப்படுவது தப்பில்லை. பழைய வீட்டை இடிக்காமல் பராமரிப்பவரை நாம் பாராட்டுகிறோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும். கேள்வி எல்லாம், அந்த ஆசையைச் சட்டத்துக்குள்ளும் அடுத்தவர் நிம்மதிக்குள்ளும் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான்.

பேங்கில் சாயங்காலம் பேரேட்டையும் ரொக்கத்தையும் ஒப்பிடுவோம். இரண்டும் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குப் போகலாம். வண்டிக்கு ஆர்.சி.தான் பேரேடு. வண்டியின் மாடல், என்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், சிசி, இருக்கைகள், நிறம் எல்லாம் அதில் இருக்கும். வெளியே நிற்கும் வண்டியும் அதில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அபராதமும் ஏறியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாலு மாற்றம் என்றால் நாலு தடவை பெருக்க வேண்டும்.

இனி பட்டியலுக்கு வருவோம். மூன்று கட்டமாகப் பிரித்துக்கொண்டால் எளிது.

முதல் கட்டம், யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடியவை. நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர், பேட்டரி, ஸ்பார்க் பிளக், சீட் உறை, மியூசிக் சிஸ்டம். தேய்ந்ததை எடுத்துவிட்டு, அதே அளவில் தரமானதைப் போடுவது பராமரிப்புதான்.

இரண்டாவது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிவு செய்த பிறகு செய்யக்கூடியவை. வண்டியின் நிறத்தை மாற்றுவது ஒன்று. பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜின் போட்டு, புது எண்ணைப் பதிவது இன்னொன்று. சி.என்.ஜி., எல்.பி.ஜி., மின்சாரம் என்று எரிபொருளை மாற்றுவதும் இந்தக் கட்டத்தில்தான் வரும். அதற்கு ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் ஒப்புதல் தந்த கிட்டாக இருக்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் பேங்கின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும்.

மூன்றாவது, சாலையில் ஓடும் வண்டிக்கு ஆகவே ஆகாதவை. சேஸிஸை வெட்டி ஒட்டுவது, அதிக சிசி உள்ள வேறு என்ஜினைத் திணிப்பது, சைலென்சருக்குள் இருப்பதை எடுத்துவிட்டு வெறும் குழாயாக விடுவது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது, முன்னால் ஸ்பாட் லைட் பொருத்துவது, நம்பர் பிளேட்டில் கோணல் எழுத்து. கண்ணாடியில் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பதும் விதி.

சைலென்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பலருடைய தூக்கம் அதில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்த அளவு. வண்டியின் சத்தம், புகை, பாதுகாப்பு தொடர்பான தரத்தை மீறினால் 190-ஆம் பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். இன்னொன்று: சைலென்சரைத் திறந்துவிட்டால் சத்தம் ஏறும் அளவுக்கு வேகம் ஏறாது. சத்தத்தைக் கேட்டு நாமே வேகம் என்று நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

கன்வெர்ட்டர் கதையும் அப்படித்தான். பாரத் ஸ்டேஜ் 2, 3 காலத்து பெட்ரோல் காருக்கு, என்ஜின் ஐடிலில் ஓடும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம். கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி அந்த 0.5-க்குள் வருவது கஷ்டம். பி.யு.சி. சான்றிதழ் இந்த வயது வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. ஒவ்வொரு முறையும் யாரையாவது "கவனித்து" வாங்குவது ஒரு வழியா, சொல்லுங்கள்.

அடுத்து டயர். அகலமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 155/70 ஆர்13 டயரின் மொத்த விட்டம் சுமார் 547 மில்லிமீட்டர். அதே 13 அங்குல ரிம்மில் 175/70 போட்டால் 575 ஆகிவிடும். ஐந்து சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63-இல் போவீர்கள். வளைவில் திருப்பும்போது டயர் ஃபெண்டரில் உரசவும் செய்யலாம். உற்பத்தியாளர் அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுகளுக்குள் நில்லுங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அரிதாக ஓடும் பழைய காரில் டயரின் பள்ளம் நன்றாகவே இருக்கும், ரப்பர்தான் காய்ந்து வெடித்திருக்கும். அதைப் பார்க்காமல் பந்தயக் கார் ஸ்டியரிங் வாங்குவது வீண் செலவு.

என்னைக் கேட்டால், பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்யும் செலவில் முதல் ரூபாய் பிரேக்குக்குப் போக வேண்டும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் என்ன செய்வீர்கள்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சில நூறு ரூபாய்தான் ஆகும். அதன் பிறகு புஷ், ஷாக் அப்சார்பர். இருபது வருட ரப்பரை மாற்றினாலே வண்டி புதிதாகத் திரும்பும். இவற்றில் எதற்கும் யார் அனுமதியும் தேவையில்லை.

இப்போது பணக் கணக்கு. நான் சீட்டில் இருந்த காலத்தில் ஒரு வாடிக்கையாளர், கடன் பாக்கி இருந்த காரில் வேறு என்ஜினைப் பொருத்திக்கொண்டார். எங்களிடமும் சொல்லவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லவில்லை. ஒரு விபத்து நடந்தது. சர்வேயர் வந்து பானட்டைத் திறந்தார், எண் ஒத்துப்போகவில்லை. சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. ஓட முடியாத வண்டிக்கு அவர் இரண்டு வருடம் தவணை கட்டினார். மாதாமாதம் கவுன்டருக்கு வந்து நிற்பார். நாங்கள் எதுவும் கேட்டதில்லை, அவரும் எதுவும் சொன்னதில்லை.

அதனால் வண்டியில் எதை மாற்றினாலும் பாலிசி எடுக்கும்போது எழுத்தில் சொல்லுங்கள். கூடுதல் பாகங்களின் மதிப்பைக் காட்டிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்கும் நஷ்டஈடு. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள். அப்போது பில்களும் போட்டோக்களும் கையில் இருந்தால் நியாயமான தொகை கேட்கலாம். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குச் சாதாரண பாலிசி செல்லாது. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டிப்பார்க்க ஆசை என்றால் அதற்கான ஏற்பாடு தனி. தடத்துக்கென்றே மாற்றிய வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

டில்லி வட்டாரத்துக்கு இருக்கும் பத்து, பதினைந்து வருட வரம்பு நமக்கும் வந்துவிட்டதா என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. முதல் பதிவு 15 வருடம். பிறகு படிவம் 25-இல் விண்ணப்பித்து, பசுமை வரி கட்டி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். பழைய வண்டிக்காரர் மறக்கக்கூடாதது இதுதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டி நின்றாக வேண்டும். ஆகவே எந்த மாற்றத்தையும் திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சான் ஸ்டார்ம் மாதிரி உற்பத்தி நின்ற வண்டிக்கு அந்தப் பாகம் மறுபடி கிடைக்காது.

இன்னும் நீண்ட கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை "வின்டேஜ்" என்று தனியாகப் பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் மாறாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் சாலைக்கு எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. இன்றைக்கு வெட்டும் வண்டி நாளைக்கு அந்த வரிசையில் நிற்க முடியாது. நம் பிள்ளைகள் காலத்துக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

கடைசியாக, நம் எல்லோரையும் தொடும் விஷயம். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய காரின் ரப்பர் பெட்ரோல் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. அவை நாளடைவில் வெடித்துக் கசியும். ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் பல்பு போட வேண்டிய இடத்தில் 100/90 போட்டால் பழைய வயர் சூடாகி உருகும். கசியும் பெட்ரோலும் உருகும் வயரும் ஒரே பானட்டுக்குள். அந்த வண்டி நிற்பது நாற்பது கார்கள் நிற்கும் பேஸ்மென்ட்டில், மேலே நம் குழந்தைகள் தூங்குகிறார்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் மாற்றுவதற்கும், வயரிங்கை ஒரு நல்ல எலக்ட்ரீஷியனிடம் காட்டுவதற்கும் ஆகும் செலவு, ஒரு ஜோடி அலாய் வீலை விடக் குறைவு.

சங்கத்துக்கு நான் வைக்கும் யோசனைகள் மூன்று. ஒன்று, பத்து வருடம் தாண்டிய எல்லா வண்டிக்காரர்களும் வருடம் ஒருமுறை பெட்ரோல் லைன், வயரிங் சோதித்த பில்லைச் செயலாளரிடம் காட்டலாம். என் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதற்கும் பதினான்கு வயதாகிறது. இரண்டு, இரவு பத்து மணிக்கு மேல் பேஸ்மென்ட்டில் என்ஜினை முறுக்கக்கூடாது என்பதை எல்லா வண்டிக்கும், பைக்குக்கும் பொதுவாக எழுதிவைக்கலாம். மூன்று, பேஸ்மென்ட்டிலுள்ள தீயணைப்பான்களின் காலாவதித் தேதியை அடுத்த கூட்டத்துக்குள் பார்த்துவிடலாம்.

யாருக்காவது ஆர்.சி., பாலிசி படித்துப் பார்க்க வேண்டுமென்றால், சனிக்கிழமை மாலை கொண்டுவாருங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம்.