பழங்கடிதங்களைப் பேணுதல்
(ஆரணியில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இல்லங்களிற் பரண்மேல் கிடக்கும் பழங்கடிதங்களைக் குறித்துச் சில கூற விழைகின்றோம். பாகப்பிரிவினையின்போது பாத்திரத்தையும் தறியையும் எண்ணிப் பங்கிடுகின்றோம்; காகிதக் கட்டையோ நிறுத்து விற்றுவிடுகின்றோம். இது தகுமா?

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் தமக்கு வந்த கடிதங்களைப் போற்றி வைத்தார்கள். 1891-ஆம் ஆண்டில் வின்ஸன் என்னும் பிரெஞ்சுப் பேராசிரியர் பாரிஸிலிருந்து தமிழில் வரைந்த கடிதம், அந்நகரப் பெரும் புத்தகசாலையிலுள்ள தமிழ் ஏடுகளை அவர்களுக்கு அறிவித்தது. 1942-இல் ஐயரவர்கள் மறைந்தார்கள். மறு ஆண்டே சென்னையில் அவர்கள் பெயரால் தோன்றிய நூல்நிலையம் ஏடுகளோடு கடிதங்களையும் காத்து வருகின்றது.

“அவர் பெரும்புலவர், நாம் நெசவாளர்” என்பீராயின், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைக் கேண்மின். அவர் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். பிறர் எறியும் நாடக நோட்டீசுகளையும் கலியாணப் பத்திரிகைகளையும் நூல்களோடு சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் காலஞ்சென்றபின் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அத்தொகுதியை வாங்கினர். அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது.

சேர்த்தல் மட்டும் போதாது. இன்னது உண்டென்னும் பட்டியும் வேண்டும். தஞ்சைச் சரஸ்வதி மகால் அரசர் குடும்பத்துப் புத்தகசாலையாயிருந்தது. பொதுமக்களுக்கு உரியதானது 1918-இல். ஆயினும் பர்னெல் என்னும் ஆங்கிலேயர் வகுத்த அதன் வடமொழிச் சுவடிப் பட்டி 1880-இலேயே அச்சேறியமையால், அயல்நாட்டுப் புலவரும் அதன் செல்வத்தை அறிந்தனர்.

இனி நம் செய்திக்கு வருவோம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருப்பவை பெரும்பாலும் அரசாங்கத்தார் எழுதியவை. தறிக்கு வரி விதித்தோர் சொல்லை அங்கே காணலாம். வரி இறுத்தோர் சொல்லை எங்கே காண்பது? நம் பரணிலன்றோ! 1879-இல் வந்த கால் அணாத் தபாலட்டை எளியோரையும் எழுத வைத்தது. பட்டு விலை ஏறியதும், சூரத்துச் சரிகை வாராது தறி நின்றதும், மகளுக்கு வரன் பார்த்ததும் அவற்றிலேதான் இருக்கும். கடன் கேட்ட கடிதம் இழிவென்று எரிப்பாரும் உளர். கடன்பட்டும் தறியை விடாது மக்களைக் காத்தது இழிவன்று. அதுவே நம் முன்னோர் பெருமை.

ஆதலின் வீடுதோறும் ஒரு பட்டி எழுதுக: எழுதியவர் யார், பெற்றவர் யார், ஆண்டு எது, பொருள் யாது. கிழிந்தவற்றில் ஒட்டுநாடா இடற்க. துவைத்துலர்த்திய பருத்தித் துணியிற் பொதிந்து, வசம்பு இட்டு, ஈரமும் கரையானும் அணுகாவிடத்தில் வைக்க. மறைவான குடும்பச் செய்தியைப் பிறர்க்குக் காட்டவேண்டா. பட்டியின் படி ஒன்றைச் சங்கத்துக்குத் தந்தாற் போதும்.

புள்ளியில்லா எழுத்தையும் தமிழ் எண்களையும் தடையின்றிப் படிக்கவல்ல முதியோர் நம்மிடைச் சிலரே உளர். அவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறமின். பிள்ளைகளை அருகிருத்திப் படிக்கச் செய்ம்மின். இதுவே நம் வேண்டுகோள்.