பழைய காருக்குப் புதிய வேகம்

நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, அடிப்படைக் கணக்கில் தேறாத மாணவன் ஒருவனை அவசரப்பட்டு மேல்வகுப்பிற்கு ஏற்றினேன். அவன் அங்கே தளர்ந்துபோனான், பிழை என்னுடையதே. டர்போ பொருத்திய பழைய காரின் திறனை உயர்த்த விழைவோரைக் காணும்போதெல்லாம் அந்த நினைவே எழுகிறது.

சுவீடன் நாட்டில் உருவாகி 1977-இல் அறிமுகமான 'சாப் 99 டர்போ'வை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு லிட்டர் எந்திரத்தின் ஆற்றல் 145 குதிரைத்திறன். வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சக்கரம், காற்றை அழுத்தி எந்திரத்திற்குள் செலுத்துகிறது. அழுத்திய காற்று சூடேறும். அச்சூட்டைத் தணிக்கும் குளிர்விப்பான் அக்காரில் இல்லை. அழுத்தத்தை மட்டும் கூட்டினால், எரிபொருள் ஒழுங்கின்றி வெடித்துப் பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் பிரேக், டயர், ரப்பர்க் குழாய்கள், எண்ணெய் ஆகியவற்றைச் செம்மை செய்தல் வேண்டும். வேகம் இருமடங்கானால், பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பௌதிகப் பாடம். அடுத்துக் குளிர்விப்பான், பின்னர்ப் போதிய எரிபொருள், இறுதியாகவே அழுத்தம்.

சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்? அந்த மாணவனுக்கு நான் செய்யத் தவறியதும் இதுவே.