துருவைப் பாருங்க, மைலை அப்புறம் பார்க்கலாம்

சேமிப்புல கை வைச்சு ஒரு பழைய ரோட்ஸ்டர் வாங்கணும், நாளைக்கு அது கிளாசிக் ஆகணும். எதை வாங்கலாம்? என்னைக் கேட்டா மாஸ்டா எம்எக்ஸ்-5. அதுலயும் 1998-ல் வந்த இரண்டாம் தலைமுறை. 1989-ல் வந்த முதல் வண்டியில ஹெட்லைட் மேல எழும்பி முழிக்கும். அந்த முழிக்கு ஆசைப்பட்டே பலர் கூடுதலா கொடுக்கறாங்க. இதுல அது இல்லை. ஆனா இன்ஜின் முன்னாடி, பவர் பின்சக்கரத்துக்கு, எடை சுமார் ஒரு டன். ஓட்டுற சுகம் அதே குடும்பம்தான்.

பிரிட்டன்ல தேடறவங்க மைல் கணக்கைப் பார்த்து மயங்காதீங்க. பின்சக்கரத்துக்கு முன்னாடி, கதவுக்குக் கீழே குனிஞ்சு பாருங்க. துணிக்கூரையிலிருந்து மழைத்தண்ணி வடியுற துளையை இலைக்குப்பை அடைச்சிட்டா, தண்ணி உள்ளே தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளன்னுதான் இருக்கும்! வண்டி நம்பரைக் கொடுத்தா, பழைய எம்ஓடி சோதனை முடிவுகள் அரசுத் தளத்துல இலவசமா கிடைக்கும். துருன்னு எங்கேயாவது எழுதியிருக்கான்னு வரி வரியா படிங்க. இன்ஜின் வேலையைச் சமாளிச்சிடலாம். வெல்டிங் கூலி வண்டி விலையையே முழுங்கிடும்.

ஒன்றரை லட்சம் மைல் ஓடி, அடிப்பகுதி சுத்தமா இருக்கற வண்டின்னா, நான் அன்னைக்கே அட்வான்ஸ் கொடுத்துடுவேன்.