கேட்கத் தயங்காதே, மகளே!

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆறாம் ஆண்டில் 'என் இலட்சியம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால், பல பெண்பிள்ளைகள் "நான் தாதியாவேன்" என்றே எழுதுகிறார்கள். மிக்க மகிழ்ச்சி. அதற்கான வழியைப் பலரும் சொல்வார்கள்: எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி, மூன்றாண்டு டிப்ளோமா, பிறகு தாதியர் வாரியத்தில் பதிவு. ஆனால் வேலைக்குப் போன முதல் வருஷம் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இன்று ஸ்டாஃப் நர்ஸ். தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள்: "டீச்சர், வேலையில சேர்ந்ததும் ஒரே சமயத்துல நாலு பேரு கூப்பிடுறாங்க. ஒருத்தருக்கு மருந்து நேரம், ஒருத்தருக்கு டிரிப் முடிஞ்சு போச்சு, ஒருத்தர் வாந்தி எடுக்கிறாரு. சீனியர்கிட்ட சந்தேகம் கேட்டா, 'மூணு வருஷம் என்னதான் படிச்சே?'ன்னு எல்லார் முன்னாலயும் ஏசுறாங்க. கழிவறைக்குள்ள போய் அழுதிட்டு வருவேன்."

இது அவளுடைய குறையல்ல. படித்தது ஒன்று, வார்டில் நடப்பது வேறொன்று என்று புதிய தாதியர் திகைப்பதைப் பற்றி, மார்லின் கிரேமர் என்ற அமெரிக்க அம்மையார் 1974-இலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

மருந்து கொடுக்குமுன் ஐந்து சரி பார்க்க வேண்டும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, கொடுக்கும் வழி, கொடுக்கும் நேரம். அளவு விளங்கவில்லை, ஏசுவார்களே என்று பயந்து, கேட்காமலே ஊசி போட்டால் ஆபத்து யாருக்கு? கட்டிலில் கிடக்கும் நம்மைப் போன்ற ஒருவருக்குத்தானே!

பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் நின்று கைப்பழக்கம் சொல்லித்தராவிட்டால், கத்தி ஆழமாக இறங்கிவிடும். மரம் காயப்படும், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். ஒரு மரத்துக்கே அப்படியென்றால் மனித உயிருக்கு?

அந்தப் பெண் என்ன செய்தாள்? சந்தேகங்களைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, அவசரமில்லாதவற்றை வேலை ஓய்ந்த பிறகு கேட்டாள். அவசரமானதை ஏச்சு விழுந்தாலும் உடனே கேட்டாள். டாக்டர் வாயால் சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டாள். நல்ல மனசுள்ள அக்கா ஒருவர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். "இப்ப புதுசா வர்ற பிள்ளைங்கள நான் ஏசுறதில்ல டீச்சர்" என்றாள். எனக்கு அதுவே பெரிய பரிசு.

பெற்றோர்களே, மகள் போனில் அழுதால் "எல்லாத்தையும் போட்டுட்டு வந்துடு" என்று சொல்லாதீர்கள். "வாயை மூடிக்கிட்டு இரு" என்றும் சொல்லாதீர்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று முதலில் கேளுங்கள். ஏச்சு எல்லை மீறினால் வார்டு சிஸ்டரிடமோ மேட்ரனிடமோ சொல்லத் தைரியம் கொடுங்கள். இரவு வேலை முடிந்து வந்தவளைப் பகலில் தூங்க விடுங்கள். நேரங்கெட்ட நேரத்தில் வருகிறாள் என்று லயத்தில் யாராவது வேண்டாத பேச்சுப் பேசினால், நீங்களே முன்நின்று பதில் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, பாடம் விளங்காவிட்டால் வகுப்பில் கையைத் தூக்குங்கள். மற்ற பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். இன்று கேட்கப் பழகிய பிள்ளைதான் நாளை வார்டிலும் துணிந்து கேட்கும். பரிசு பெற்றவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் என் வாழ்த்துகள்.